பென்னிப் பாட்டுப் புத்தகத்துக்கு வயது பார்ப்பது எப்படி?

ஜூன் 3, மாலை: வாசகர் கேள்வி

எட்டுப் பக்க லண்டன் பாட்டுப் புத்தகம் ஒன்றின் ஸ்கேன் கையில் இருக்கிறது. விலை ஒரு பென்னி. ஆண்டு இல்லை, அச்சகத்தின் பெயர் இல்லை, ஸ்வரக் குறிப்பும் இல்லை. வெறும் வரிகள்தான். முதல் பாட்டு 'ஷாம்பெயின் சார்லி'. அது 1866 பாட்டு, ஆகவே புத்தகமும் 1866 என்று பட்டியலில் ஏற்றிவிடலாம் என்கிறேன். மறுப்பு உண்டா? இன்னொன்று: மெட்டே இல்லாத புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கி என்ன செய்தார்கள்?

ஜூன் 3, இரவு

மறுப்பு உண்டு. பாட்டின் வயது வேறு, புத்தகத்தின் வயது வேறு. ஜார்ஜ் லேபர்ன் என்ற மியூசிக் ஹால் (பாட்டும் நகைச்சுவையும் நடக்கும் கேளிக்கை அரங்கு) பாடகர் அந்தப் பாட்டைப் பாட ஆரம்பித்தது 1866இல் என்பது சரி. அது முப்பது வருஷம் கழித்தும் பாட்டுப் புத்தகங்களில் வந்துகொண்டிருந்தது. பழைய பாட்டை வைத்துப் புத்தகத்துக்கு வயது சொல்வது, வீட்டுக் கிழவியைப் பார்த்துவிட்டு வீடு எந்த வருஷம் கட்டியது என்று சொல்வது மாதிரி.

செய்யவேண்டியது இவ்வளவுதான். எல்லாப் பாட்டையும் வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, முதலில் பாடிய அல்லது அச்சான ஆண்டைப் போடுங்கள். அதில் எது கடைசியோ அதற்கு முன்னால் புத்தகம் வந்திருக்க முடியாது. அது தரை. கூரை, அதாவது எதற்குப் பின்னால் வந்திருக்க முடியாது என்பது, எங்கே என்று அது சொல்லாது, கூரையை வேறு வழியில் தேடவேண்டும்.

அச்சகத்தின் பெயர் இல்லை என்கிறீர்களே, அதை நான் நம்பவில்லை. நாளை எழுதுகிறேன்.

ஜூன் 4, காலை

பெயர் ஏன் இருந்தாகவேண்டும் என்றால், சட்டம். பிரெஞ்சுப் புரட்சிக் கலவரப் பயத்தில் 1799இல் போட்ட சட்டம் ஒன்று, அச்சடித்த தாளில் அச்சிட்டவர் பெயரும் முகவரியும் கட்டாயம் என்றது. தவறினால் பிரதிக்கு 20 பவுண்ட். 1839இல் அதை 5 பவுண்டாகக் குறைத்தார்கள். 5 பவுண்ட் என்றால் அன்றைக்கு 1,200 பென்னி. ஒரு பென்னிப் புத்தகம் விற்கிறவன் பிரதிக்கு 1,200 பென்னி அபராதத்தை விளையாட்டுக்கு இழுத்துவிட்டுக்கொள்ள மாட்டான். திருட்டுப் பதிப்பும் ஆபாசப் பாட்டும் விதிவிலக்கு, அங்கே பெயர் இல்லாமலிருப்பதுதான் பாதுகாப்பு. உங்களுடையது அந்த ரகமாகத் தெரியவில்லை.

அப்படியானால் எங்கே போனது? பைண்டர் கத்தியில். இந்தப் புத்தகங்களைச் சேகரித்தவர்கள் பத்து இருபதாகச் சேர்த்து பைண்டு பண்ணினார்கள். அளவு ஒன்றாக வரட்டும் என்று ஓரத்தை வெட்டினார்கள். முகவரி பெரும்பாலும் இருப்பது முதல் பக்கத்தின் கீழே, அல்லது கடைசிப் பக்கத்தில் இரண்டாம் பத்தியின் அடியில். வெட்டு விழுவதும் அங்கேதான். பக்கம் 1, பக்கம் 8, இரண்டின் கீழ் ஓரத்தையும் பெரிதாக்கிப் பாருங்கள்.

ஜூன் 4, மதியம்

முகவரி கிடைத்தால் பாதி வேலை முடிந்தது, ஏனென்றால் இந்தத் தொழிலில் எல்லோரும் இடம் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஜான் பிட்ஸ் என்ற, லண்டனின் செவன் டயல்ஸ் பகுதி அச்சுக்காரர் கிரேட் செயிண்ட் ஆண்ட்ரூ தெருவில் 14ஆம் எண்ணில் இருந்தவர், 1819இல் அதே தெருவில் 6ஆம் எண்ணுக்குப் போனார். ஆகவே தாளில் 14 என்றிருந்தால் 1819க்கு முன், 6 என்றிருந்தால் பின். பக்கத்திலேயே மன்மத் கோர்ட்டில் ஜேம்ஸ் கேட்நாக் 1813 முதல் 1838 வரை. அவருக்குப் பின் அதே முகவரியில் சகோதரி ரைல், கூட்டாளி பால், அப்புறம் ஃபோர்ட்டி. முகவரி ஒன்று, பெயர்தான் மாறும். அங்கே எண்ணைப் பார்த்துப் பயனில்லை, பெயரைப் பாருங்கள்.

கேட்நாக்கைப் பற்றிக் கிளைக்கதை. தெருவில் பாட்டு விற்றவர்கள் கொண்டுவந்து கொட்டும் செப்புக் காசு அழுக்காக இருக்கும், நோய் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து, அவர் அதைப் பொட்டாஷும் வினிகரும் விட்டுக் கொதிக்கவைப்பாராம். செல்லாக்காசுகளைச் சமையலறைத் தரையில் சாந்தோடு பதித்தாராம். சார்ல்ஸ் ஹிண்ட்லி 1878இல் எழுதிய கேட்நாக் வரலாற்றில் இருக்கிறது. தரையே பதிப்பகத்தின் வாராக்கடன் கணக்கு.

ஜூன் 4, இரவு

முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். எங்கேயாவது 'மியூசிக் ஹால் தவிர மற்ற இடங்களில் கட்டணம், உரிமம் இல்லாமல் பாடலாம்' என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறதா? இருந்தால் 1882க்குப் பின்.

அதற்குக் காரணம் ஹாரி வால் என்ற ஆள். 1833 சட்டப்படி, உரிமை இல்லாமல் மேடையில் நடத்தினால் ஒவ்வொரு தடவைக்கும் குறைந்தது 40 ஷில்லிங். 1842இல் அது இசைக்கும் வந்தது. வால் பழைய பாட்டுகளின் உரிமையை வாங்கிப் போட்டுக்கொண்டு, தர்மக் கச்சேரியில் ஏதோ ஒரு பாட்டைப் பாடிய அப்பாவிகளிடமெல்லாம் 2 பவுண்ட் கேட்டு நோட்டீஸ் விட்டார். அந்தத் தொல்லை தாங்காமல் 1882இல் புதுச் சட்டம் வந்தது: மேடை உரிமை வேண்டும் என்றால் தலைப்புப் பக்கத்திலேயே அறிவிப்பை அச்சிட்டிருக்கவேண்டும். பதிப்பாளர்களுக்கோ ஜனங்கள் பாடினால்தான் தாள் விற்கும். ஆகவே வீட்டிலும் ஊர்க் கச்சேரியிலும் பாடுங்கள், மியூசிக் ஹால் மட்டும் எங்களுக்கு என்று போட்டார்கள்.

ஜூன் 6, காலை

வாசகர் பட்டியல் அனுப்பியிருக்கிறார். பக்கம் 5இல் 'டூ லவ்லி பிளாக் ஐஸ்', பக்கம் 7இல் 'டா-ரா-ரா பூம்-டி-ஏ'. தீர்ந்தது. முதலாவது சார்ல்ஸ் கோபர்ன் 1886இல் பாடியது. இரண்டாவதை லண்டனில் லோட்டி காலின்ஸ் 1891இல்தான் பாடினார். 1866 என்று போட்டிருந்தால் பட்டியல் கால் நூற்றாண்டு பிசகியிருக்கும்.

பழைய பாட்டை ஏன் முதலில் வைத்தார்கள் என்று கேட்கிறார். தெரிந்த தலைப்பு மேலே இருந்தால் கை நீளும், அவ்வளவுதான். உரிமை காலாவதியான பாட்டு என்பதால் போட்டார்கள் என்று நினைக்கவேண்டாம். 1842 சட்டத்தில் 42 ஆண்டு, அல்லது ஆசிரியரின் ஆயுளும் அதற்கு மேல் 7 ஆண்டும், எது நீளமோ அது. 1866 பாட்டுக்குக் குறைந்தது 1908 வரை உரிமை உண்டு.

ஜூன் 6, மாலை

4ஆம் தேதி இரவு எழுதியதைத் திருத்தவேண்டும். அந்த 'கட்டணம் இல்லாமல் பாடலாம்' வரி வருவது நொட்டேஷன் தாளிலும் (ஒரு பாட்டை ஸ்வரக் குறிப்போடு அச்சிட்டது), பிரான்சிஸ் அண்ட் டே மாதிரி நிறுவனங்கள் வருஷா வருஷம் போட்ட ஒரு ஷில்லிங் ஆல்பங்களிலும். வரிகளை மட்டும் போடுகிற பென்னிப் புத்தகத்தில் அதை எதிர்பார்க்கக்கூடாது. அங்கே அது இல்லை என்பதால் 1882க்கு முன் என்று யாரும் முடிவு கட்டிவிடாதீர்கள். இருந்தால் சாட்சி, இல்லாவிட்டால் ஒன்றுமில்லை.

ஜூன் 7

இனி மெட்டு. இதில்தான் கொஞ்சம் நின்று பேசவேண்டும்.

முதலில் விலையைப் பாருங்கள். கல்லச்சில் பல வண்ண அட்டைப் படத்தோடு (ஆல்ஃபிரட் கான்கனன் வரைந்தது என்றால் படத்துக்காகவே இன்று ஏலம் போகும்) வரும் நொட்டேஷன் தாளில் '4 ஷில்லிங்' என்று அச்சிட்டிருக்கும். கடையில் பாதி விலைதான் வாங்குவார்கள். பாதி என்றாலும் 2 ஷில்லிங், அதாவது 24 பென்னி, ஒரே ஒரு பாட்டுக்கு. பியானோ இருக்கிற வீட்டுக்கு அது. பியானோ இல்லாதவனுக்கு 1 பென்னிக்கு இருபது முப்பது பாட்டின் வரிகள். மெட்டு அவன் காதில் ஏற்கெனவே இருந்தது. ஹாலின் காலரியில் (மேல் மாடி மலிவு இருக்கை) கேட்டான், தெருவில் பீப்பாய் ஆர்கன் சுற்றுகிறவன் வாசித்துக் கேட்டான். கோரஸும் மனப்பாடம், ஏனென்றால் ஹாலில் கோரஸ் பாடுவது சபையின் வேலை. அவனிடம் இல்லாதது இரண்டாம் மூன்றாம் சரணங்களின் வரிகள். அதைத்தான் விலைக்கு வாங்கினான்.

நமக்கு அந்தக் காது இல்லை. ஆகவே:

தலைப்புக்குக் கீழே சாய்வெழுத்தில் 'ஏர்' (மெட்டு) என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். நம் ஊர் மலிவுப் பாட்டுப் புத்தகமான குஜிலிப் புத்தகத்தில் 'வர்ணமெட்டு' என்று போடுவார்களே, அதேதான். அதில் சொல்லும் பாட்டைத் தேடினால் மெட்டு கிடைத்துவிடும். இல்லையென்றால் பாட்டின் தலைப்பையும் கோரஸின் முதல் வரியையும் தனித்தனியாகத் தேடவேண்டும். ஜனங்கள் கோரஸை வைத்துத்தான் பாட்டுக்குப் பெயர் சொன்னார்கள், பதிப்பாளர் வேறு தலைப்பு வைத்திருப்பார். ஜி. டபிள்யூ. ஹன்ட் எழுதி மக்டர்மட் பாடிய 1878 காலத்துப் போர்ப் பாட்டு அப்படித்தான்: அட்டையில் 'மக்டர்மட்ஸ் வார் சாங்', ஜனங்கள் வாயில் கோரஸில் வரும் 'ஜிங்கோ'. ஜிங்கோயிசம் என்ற சொல்லே அங்கிருந்து வந்தது.

அதுவும் கிடைக்காவிட்டால் சரணத்தின் அடிகளைத் தட்டிப் பாருங்கள். 1860களின் நகைச்சுவைப் பாட்டில் பெரும்பகுதி 6/8 நடையில் துள்ளும். 1890களில் கோரஸ் வால்ட்ஸுக்கு, அதாவது 3/4க்குப் போய்விடும். 'டெய்ஸி பெல்' (1892) வால்ட்ஸ். முரட்டுக் கணக்குதான், கையைச் சுடும். ஆனாலும் எந்தப் பெட்டியில் தேடுவது என்று காட்டும்.

ஜூன் 7, சற்றுப் பிறகு

மெட்டு வரியில் ஒரு குழி. மெட்டு கொடுக்கல் வாங்கல் இரண்டு பக்கமும் நடந்தது. 'டூ லவ்லி பிளாக் ஐஸ்' பாட்டே ஓர் அமெரிக்கக் காதல் பாட்டின் கேலி, மெட்டு அந்தப் பாட்டினுடையது. 'ஷாம்பெயின் சார்லி'யின் மெட்டைச் சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவ அமைப்பு எடுத்துப் பக்திப் பாட்டாக்கியது. குடிக்கிற பாட்டின் மெட்டில் குடியை விட்டவர்கள் தெரு முனையில் பாடினார்கள். 'ஏர்' வரியில் ஒரு தலைப்பு இருந்தால் அதுதான் மூலம் என்று எழுதாதீர்கள். அந்தப் பதிப்பு வந்த நேரத்தில் ஜனங்களுக்கு அந்த மெட்டு எந்தப் பெயரில் தெரிந்ததோ, அது.

ஜூன் 8

'இடையிடையே பொடி எழுத்தில் வசனம் வருகிறது, அச்சுப் பிழையா?' என்று கேள்வி. இல்லை. சரணம் முடிந்து கோரஸுக்கு முன்னாலோ பின்னாலோ பாடகர் பாட்டை நிறுத்திவிட்டுப் பேசுவார். நொட்டேஷன் தாளில் 'ஸ்போக்கன்' என்று போட்டிருக்கும். அவர் பேசும்போதோ மேடையில் நடக்கும்போதோ வாத்தியக்காரர்கள் சும்மா இருப்பதில்லை. இரண்டே இரண்டு பார் (தாள அளவு) இசையைத் திரும்பத் திரும்ப வாசிப்பார்கள். அதற்குப் பெயர் வேம்ப். 'தயாராகும்வரை வேம்ப்' என்று தாளிலேயே இருக்கும். பாடகர் கண் காட்டினால் அடுத்த சரணம்.

பென்னிப் புத்தகத்தில் இடம் போதாவிட்டால் முதலில் பலியாவது இந்த வசனம். அடுத்த பலி கோரஸ்: முதல் சரணத்தில் முழுதாக இருக்கும், பிறகு 'கோரஸ், முதலியன' என்று ஒரு வரி. இங்கேதான் ஆட்கள் தவறு செய்கிறார்கள். கோரஸில் ஓரிரு சொல் சரணத்துக்குச் சரணம் மாறுகிற பாட்டுகள் உண்டு. நகைச்சுவையே அந்த மாற்றத்தில்தான் இருக்கும். பென்னிப் புத்தகத்தை நம்பி மூன்று தடவையும் ஒரே கோரஸைப் பாடினால் சிரிப்பு வராது, ஏன் வரவில்லை என்றும் புரியாது. நொட்டேஷன் தாளோடு ஒப்பிடாமல் மேடை ஏற்றாதீர்கள்.

ஜூன் 9

அச்சு வேலையைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் ஸ்கேன் முழுமையா என்று பார்க்க இது வேண்டும்.

எட்டுப் பக்கம் என்றால் ஒரு தாளை இரண்டு தடவை மடித்தது. தாளின் ஒரு முகத்தில் 1, 4, 5, 8. மறு முகத்தில் 2, 3, 6, 7. ஃபாரம் போட்டு, அதாவது அச்சுக்குப் பக்கங்களை அடுக்கிப் பழகியவர்களுக்குத் தூக்கத்திலும் வரும் கணக்கு. கிரவுன் தாள் 15க்கு 20 அங்குலம். இரண்டு மடிப்பில் பக்கம் ஏழரைக்குப் பத்து. பொடி எழுத்தில் இரண்டு பத்தி, பத்திக்கு 70 வரி என்று வைத்தால் பக்கத்துக்கு 140 வரி. தலைப்போடு ஒரு பாட்டு 35 வரி, பக்கத்துக்கு நாலு பாட்டு. முகப்புப் பக்கத்தில் படமும் தலைப்பும் பாதியைச் சாப்பிட்டால் மொத்தம் முப்பதை ஒட்டி வரும்.

இதை வைத்து என்ன செய்வது? பக்கங்கள் 3 முதல் 6 வரை இல்லாவிட்டால் நடுத்தாள் கழன்று விழுந்திருக்கிறது என்று பொருள். மலிவுப் பதிப்பில் தையல் கிடையாது, மடிப்புதான். பக்கம் 4 மட்டும் இல்லாமலிருக்க வழியே இல்லை, ஸ்கேன் செய்தவர் தாளைத் திருப்ப மறந்திருக்கிறார். அப்புறம் மை. உங்கள் ஸ்கேனில் 2, 3, 6, 7 நான்கும் வெளிறி, மற்ற நான்கும் கறுப்பாக இருக்கின்றனவே, அது வேறு வேறு புத்தகத்தின் பக்கங்களைக் கலந்ததால் அல்ல. ஒரு முகத்துக்கு மை குறைவாக ஓடியிருக்கிறது. கலப்படம் இல்லை என்பதற்கு அதுவே நல்ல சாட்சி.

ஜூன் 9, இரவு

அட்டைப் படத்தில் கப்பல் ஏன் என்று கேட்காதீர்கள். படம் செதுக்கிய மரக்கட்டை கையிலிருந்தது, போட்டார்கள். காதல் பாட்டுக்கு மேலே தூக்குமேடை கூட வரும்.

ஆனால் கட்டையின் விரிசலைக் கவனியுங்கள். மரக்கட்டை காய்ந்து பிளக்கும், பூச்சி துளைக்கும். அச்சில் விரிசல் வெள்ளைக் கோடாகவும் துளை வெள்ளைப் புள்ளியாகவும் விழும். விரிசல் நீளும், ஒருநாளும் சுருங்காது. அதே கப்பல் வேறு இரண்டு தாள்களில் கிடைத்து, பாய்மரத்தின் குறுக்கே ஓடும் கோடு ஒன்றில் பாதிவரையும் இன்னொன்றில் முழுதாகவும் இருந்தால், பாதிக்கோடு முந்தியது. ஆக்ஸ்போர்டின் பாட்லியன் நூலகம் தன் ஒற்றைத் தாள் பாட்டுகளை இணையத்தில் போட்டிருக்கிறது. கப்பலைத் தேட அதுதான் இடம்.

ஜூன் 11

ஒரு நண்பர் பாடகர் பெயரை வைத்துக் கூரை போடலாமே என்கிறார். லேபர்ன் 1884இல் இறந்தார், 'லேபர்ன் பாடுவது' என்று போட்டிருந்தால் அதற்கு முன்தானே என்று. ஆகாது. பழைய தாளில் இருந்ததை எழுத்துக்கு எழுத்து கோத்துவைப்பார்கள். செத்தவர்கள் பென்னிப் புத்தகத்தில் வெகுகாலம் பாடிக்கொண்டிருந்தார்கள்.

'பாடியவர்' என்ற வரி வேறொன்றுக்குப் பயன்படும். பாடும் உரிமையைப் பாடகர்கள் தனியாக வாங்கினார்கள். மான்டி கார்லோ வங்கியை உடைத்தவன் (சூதாட்ட விடுதியின் பணத்தையெல்லாம் வென்றவன்) பற்றிய பாட்டை, அதை எழுதிய ஃபிரெட் கில்பர்ட்டிடமிருந்து கோபர்ன் 10 கினிக்கு வாங்கினார். காலரியில் இருக்கும் காதலனைப் பற்றிய பாட்டை ஜார்ஜ் வேர் 1885இல் எழுதிக்கொடுத்தது நெல்லி பவருக்கு. இன்று அது இன்னொரு பாடகியான மேரி லாய்டின் பாட்டு என்றே எல்லோருக்கும் தெரியும். புத்தகத்தில் நெல்லி பவர் பெயரோடு வந்தால், மூலத் தாளுக்கு நெருக்கமான பிரதியிலிருந்து எடுத்தது என்று நினைக்கலாம்.

ஜூன் 11, பத்து நிமிடம் கழித்து

10 கினி இல்லை, 10 பவுண்ட். கினி 21 ஷில்லிங், பவுண்ட் 20. பத்து ஷில்லிங் கூடுதலாகக் கொடுத்துவிட்டேன்.

ஜூன் 12

பாட்டுக்குள்ளே தேதி இருந்தால் நிம்மதி என்று நினைப்பவர்களுக்கு 'பிளேடன் ரேஸஸ்'. நியூகாசிலுக்குப் பக்கத்துக் கேட்ஸ்ஹெட்டின் ஜார்ஜ் ரிட்லி பாட்டு, குதிரைப் பந்தயத்துக்குப் போவதைப் பற்றியது. பாட்டுக்குள் 1862 ஜூன் 9 என்று தெளிவாக இருக்கிறது. ஆனால் அவர் அதைப் பால்ம்ப்ரா மியூசிக் ஹாலில் முதலில் பாடியது ஜூன் 5இல், பந்தயம் நடப்பதற்கு நாலு நாள் முன்னால்! பந்தய நாள் மழையைச் சொல்லும் சரணம் பிறகு சேர்ந்தது. ஆகவே மழை இருக்கிற பிரதி பிந்தைய வடிவம். பாட்டுக்குள் இருக்கும் தேதி கதையின் தேதி.

ஜூன் 14

காகிதம். ஸ்கேனில் சொல்ல முடியாது, மூலத்தைத் தொட முடிந்தால் பாருங்கள். 1830களின் ஒற்றைத் தாள் கந்தல் துணிக் காகிதம். இன்றும் வளையும், நிறமும் அவ்வளவாக மாறியிருக்காது. 1890களின் மலிவுத் தாளில் மரக்கூழ் கலந்திருக்கும். பழுப்பேறி, மடிப்பில் பிஸ்கட் மாதிரி உடையும். உடைகிற தாளை விரித்து அமுக்காதீர்கள். டேப் ஒட்டவே கூடாது, பசை காகிதத்துக்குள் இறங்கி மஞ்சள் பட்டையாக நின்றுவிடும்.

பிரிட்டிஷ் மியூசியம் முத்திரை இருந்தால் நிறத்தைப் பாருங்கள். நீலம் பதிப்பாளர் சட்டப்படி கொடுத்தாகவேண்டிய பிரதி, சிவப்பு விலைக்கு வாங்கியது. முத்திரையில் நாள், மாதம், ஆண்டு இருக்கும், மாதம் இரண்டே எழுத்தில். நீல முத்திரை கிடைத்தால் அதுதான் நாம் தேடிய கூரை. சிவப்பும் கூரைதான், ஆனால் எவ்வளவு உயரத்தில் என்று தெரியாது. ஐம்பது வருஷம் கழித்தும் வாங்கியிருப்பார்கள்.

ஜூன் 15

வாசகர் பக்கம் 8இன் கீழ் ஓரத்தைப் பெரிதாக்கி அனுப்பியிருக்கிறார். கத்தி எழுத்துகளின் நடுவே போயிருக்கிறது, கீழ்ப்பாதி போய் மேல்பாதி மிச்சம். நல்லவேளை அப்படி. ஆங்கில எழுத்தை மேல்பாதியை வைத்து வாசித்துவிடலாம், கீழ்ப்பாதியை வைத்து முடியாது. ஒரு தாளால் பாதி வரியை மறைத்து நீங்களே சோதித்துப் பாருங்கள்.

எனக்குத் தெரிவது 'யூனியன் ஸ்ட்ரீட், பரோ'. தேம்ஸுக்குத் தெற்கே அந்தத் தெருவில் சச் குடும்பத்து அச்சகம் இருந்தது. பெரும்பாலும் ஒற்றைத் தாள் பாட்டு போட்டவர்கள். பட்டியலில் 'சச்சாக இருக்கலாம்' என்று கேள்விக்குறியோடு போடுங்கள், ஆண்டுக்கு '1891 அல்லது அதற்குப் பின்' போதும்.

அவர்களும் கதவு எண் மாற்றியவர்கள்தான். முதலில் 123, பிறகு 177, கடைசியில் 183. உங்கள் ஓரத்தில் முதல் இலக்கம் 1, அது மூன்றுக்கும் பொது. இரண்டாவது இலக்கம் பழுப்புக் கறைக்குள் இருக்கிறது. நம் கணக்குப்படி 183 வரவேண்டும். 1200 டிபிஐயில், ஓரத்தின் கீழே ஒரு கறுப்புத் தாளை வைத்து, அந்த இடத்தை மட்டும் மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். 7க்குத் தலை தட்டை, 8க்கு வளைவு. எது என்று பார்த்துச் சொல்லுங்கள்.